வில்லோ மரத்தை வண்டு சல்லடையாக்குது, வெட்டுறதோ விடுறதோ?

பின்வளவுக்காரன் (ஸ்காபரோ, கனடா), யூன் 17

எல்லாருக்கும் வணக்கம். இஞ்சை மரம் செடி விளங்கின ஆக்கள் இருக்கினம் எண்டு மகள் சொல்லித்தான் எழுதுறன். ரைப் பண்ணுறது எனக்குக் கொஞ்சம் மெதுவு.

எங்கடை பின்வளவு மூலையிலை ஒரு வில்லோ நிக்குது. மஞ்சள் கொப்பு நிலம் தொடத் தொங்குமே, அந்தச் சாதி. 2009 இலை வீடு வாங்கேக்கையே பெரிய மரம். இப்ப நானும் மருமகனும் கைகோத்துக் கட்டிப்பிடிச்சாலும் நாலு விரல் காணாது. அந்த மூலை பள்ளம். ஸ்னோ உருகினா தண்ணி நிக்கும், அதைக் குடிச்சு வளந்த மரம்.

இந்த வருஷம் மே மாதம் வடிவாய்த்தான் துளிர்த்தது. யூன் பிறந்து ஒரு கிழமையிலை கீழ்க் கொப்பெல்லாம் மண்ணிறம். தூரத்திலை நிண்டு பாத்தா ஆரோ அடியிலை நெருப்பு மூட்டி அனல் பட்ட மாதிரி. கிட்டப் போய் ஒரு இலையைப் பிடுங்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சன். நரம்பு மட்டும் அப்பிடியே கிடக்கு, இடையிலை பச்சை இல்லை. கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிய தோல் ஒண்டுதான் மிச்சம். இலையைத் திருப்பினா கறுப்புப் புழு. அட்டை மாதிரி ஆனால் சின்னன், தோளோடை தோள் ஒட்டி ஒரே வரிசையிலை நிண்டு தின்னுது. தலையெல்லாம் ஒரே பக்கம். அன்னதானப் பந்தி மாதிரி.

வண்டும் இருக்கு. பயறங்கொட்டையை விடக் கொஞ்சம் சின்னன். நிழலிலை கறுப்பு, வெயிலிலை மயில்கழுத்து நீலம் அடிக்குது. மனுசி டெக்கிலை தேத்தண்ணியோடை இருக்க ஒண்டு கோப்பைக்குள்ளை விழுந்திட்டுது. அண்டையிலை இருந்து "வெட்டுங்கோ, வெட்டுங்கோ" எண்டு ஒரே கரச்சல்.

நான் செய்தது: 2021 இலை முன்வளவு ஓக் மரத்துக்கு மயிர்க்கொட்டி வந்த நேரம் வாங்கின பக்டீரியா மருந்து கராஜுக்குள்ளை மிச்சம் கிடந்தது. அதைக் கலந்து ஏணி வைச்சு அடிச்சன். அஞ்சு நாளாச்சு, ஒரு புழுவும் சாகேல்லை. இன்னும் கொழுத்திருக்கிற மாதிரித்தான் தெரியுது.

ஊரிலை பூசணிக் கொடிக்கு வண்டு வந்தா விடிய வெள்ளன பனி காய முந்தி அடுப்புச் சாம்பல் தூவி விடுவம். இந்த மரத்துக்கு சாம்பல் தூவுறதெண்டா ஹெலிகொப்டர்தான் பிடிக்கோணும்.

என்ன வண்டு இது? மரம் பட்டுப்போகுமோ? வெட்டத்தான் வேணுமோ?

---

ரோஜாத்தோட்டம் (பிரம்டன்), யூன் 17

அண்ணா, இது ஜப்பான் வண்டு. எங்கட ரோஜாவை நாலு வருஷமாத் திண்டு முடிக்குது. பொறி வாங்கித் தொங்க விடுங்கோ, மஞ்சள் பை ஒண்டு வரும்.

---

கோயமுத்தூர்க்காரன் (ஒஹாயோ), யூன் 17

சார், வேப்பெண்ணெய் இருக்க வேற எதுக்கு? ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன், நாலு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு. நல்லா குலுக்கி, சாயந்திரம் வெயில் இறங்கினதும் இலைக்கு அடியில படுற மாதிரி அடிங்க. எங்க வீட்டு வில்லோவுக்கு அதான் பண்ணேன். ஆனா என்னோடது மூணு வருஷக் கன்னு, ஆள் உயரம்தான்.

ஒரு விஷயம், எங்க ஊர்ப் பக்கம் ஓடைக் கரையில ஆத்துப்பாலைன்னு ஒரு மரம் நிக்கும். அதுவும் வில்லோ சாதிதான்னு இங்க வந்த பிறகுதான் தெரிஞ்சுது. சின்ன வயசுல அதுல ஏறி ஓடைக்குள்ள குதிச்சிருக்கேன், அதுல ஒரு வண்டைப் பாத்ததா ஞாபகமே இல்ல!

---

கொப்புவெட்டி (ஏஜாக்ஸ்), யூன் 18

அண்ணை, நான் பதினொரு வருஷமா மரவேலைதான் செய்யுறன். கயிறு கட்டி மேலை ஏறுற பொம்பிளை எண்டு எங்கடை ஆக்களுக்குச் சொன்னா இன்னும் நம்ப மாட்டினம், அது வேறை கதை.

முதல் விஷயம், ஜப்பான் வண்டு இல்லை. அது கிட்டத்தட்ட ஒரு சென்ரிமீற்றர் நீளம், செட்டை செம்பு நிறம், வயித்து ஓரம் வழிய வெள்ளைக் குஞ்சம் குஞ்சமா இருக்கும். அதின்ரை புழு மண்ணுக்குள்ளை கிடந்து புல் வேர் தின்னும், இலையிலை வராது. நீங்கள் இலையிலை புழு வரிசையைக் கண்டனீங்கள், அதோடை அந்தக் கதை முடிஞ்சுது. பொறியும் வாங்காதைங்கோ ரோஜா அக்கா. அந்த மணத்துக்கு அடுத்த தெரு வண்டும் உங்கடை வளவுக்குத்தான் வரும்.

உங்கடையது வில்லோ இலை வண்டு மாதிரித்தான் கிடக்கு. ஐரோப்பா, ஆசியாப் பக்கத்துச் சாமான். வட அமெரிக்காவுக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேலாச்சு. ஊர்ப் பூசணி வண்டைச் சொன்னீங்களே, ரெண்டும் ஒரே குடும்பம். இலை தின்னி வண்டுக் குடும்பம் எண்டு வையுங்கோ.

ஆனால் உறுதியாச் சொல்ல முந்தி நாலு விஷயம் பாத்துச் சொல்லுங்கோ.

வண்டை ஈர்க்காலை மெல்லத் தட்டுங்கோ. தெள்ளு மாதிரித் துள்ளிப் பாயுதோ, இல்லாட்டிச் செத்த மாதிரி கால் மடக்கி விழுகுதோ? துள்ளினா அது வேறை வண்டு, நிறம் மட்டும்தான் ஒண்டு.

இலைக்கு அடியிலை வெளிறின மஞ்சள் முட்டை கும்பலா நிக்குதோ?

மேல்க் கொப்பு எப்பிடி, பச்சையோ மண்ணிறமோ?

கடைசியா, போன வருஷம் இந்த மரத்திலை கை வைச்சனீங்களோ? கொப்பு கிப்பு வெட்டினதோ?

பக்டீரியா மருந்தைப் பற்றி: அது மயிர்க்கொட்டிக்கு, அதாவது வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுவுக்கு. அதின்ரை குடலுக்குள்ளை போய்த்தான் அந்த நஞ்சு வேலை செய்யும். வண்டுப் புழுவின்ரை குடல் வேறை. வண்டுக்கு எண்டு அந்தப் பக்டீரியாவிலையே வேறை இனம் இருக்கு, உங்கடை போத்திலுக்குள்ளை இருக்கிறது அது இல்லை. அதோடை கராஜுக்குள்ளை எத்தினை மாரியும் கோடையும் கண்ட மருந்து? புழுவுக்கு நீங்கள் முகம் கழுவி விட்டிருக்கிறீங்கள், அவ்வளவுதான்.

---

பின்வளவுக்காரன், யூன் 19

தங்கச்சி, முகம் கழுவின கதையை மனுசிக்கு வாசிச்சுக் காட்டினன். கன நாளைக்குப் பிறகு சிரிச்சா.

இண்டைக்கு விடிய அஞ்சரைக்கே எழும்பிப் போனன். மகளின்ரை பழைய பூதக்கண்ணாடியும் கொண்டு போனன்.

வண்டு துள்ளேல்லை. ஈர்க்கு முட்ட முந்தியே பொத்தெண்டு விழுந்து புல்லுக்குள்ளை மறைஞ்சிட்டுது. நாலு வண்டைத் தட்டிப் பாத்தன், நாலும் அதே நடிப்பு. ஒண்டைக் கையிலை ஏந்தி வைச்சிருந்தன். அரை நிமிஷம் கட்டை மாதிரிக் கிடந்து, பிறகு ஒரு கால், அடுத்த கால் எண்டு வெளியிலை விட்டு நடக்கத் தொடங்கினது.

முட்டை இருக்கு. ஒரு இலையிலை எண்ணினன், பதினாலு. நெல்லை நட்டு வைச்ச மாதிரி எழும்பி நிக்குது, பளபளப்பு. பக்கத்து இலையிலை முட்டைக் கோது வெறுமையாய், அதுக்குக் கிட்டவே ஊசிமுனை அளவிலை கறுப்புக் குஞ்சுகள். பெரிய புழு ஒண்டை ஈர்க்காலை நோண்டினன். ரெண்டு பக்கமும் முதுகு வழிய சின்னச் சின்ன வெள்ளைத் துளி வெளியிலை வந்து நிண்டுது, கையை எடுத்தா திரும்ப உள்ளை இழுத்துக்கொண்டுது. ஒரு மணம் வேறை. மருந்துக்கடை மணம் எண்டு சொல்லலாமோ தெரியேல்லை.

மேல்க் கொப்பு பச்சைதான். நான் கீழையே பாத்துப் பாத்து முழு மரமும் போச்செண்டு நினைச்சிட்டன்.

கொப்பு வெட்டின கதை: ஓம். போன ஒக்டோபரிலை பக்கத்து வீட்டுக்காரரின்ரை ஷெட்டுக்கு மேலை தொங்குது எண்டு அவர் சொல்ல, ரெண்டு பெடியளைப் பிடிச்சு அந்தப் பக்கத்தை நல்லாக் குறுக்கி விட்டனான். நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிச்சன், வண்டு கூடத் திண்டிருக்கிறதும் அந்தப் பக்கம்தான். அது எப்பிடித் தங்கச்சி உங்களுக்குத் தெரிஞ்சது? சாத்திரமும் பாக்கிறனீங்களோ?

---

கொப்புவெட்டி, யூன் 19

சாத்திரம் இல்லை அண்ணை. குறுக்கி வெட்டினா வில்லோ அடுத்த வசந்தத்திலை குச்சி குச்சியாய்ப் புதுக் கொப்பு விடும். அந்த இலை மெத்தெண்டு இருக்கும். இந்த வண்டுக்கு முத்தின இலை பிடிக்காது, குருத்து இலைதான் வேணும். நீங்கள் ஒக்டோபரிலை வெட்டி மே மாதம் அதுக்கு விருந்து வைச்சிருக்கிறீங்கள்.

இனிச் சந்தேகமில்லை, வில்லோ இலை வண்டுதான். அந்த வெள்ளைத் துளி அதின்ரை பாதுகாப்பு. எறும்பு மாதிரி ஆக்களை விரட்டத்தான் அந்த மணம்.

அதின்ரை வருஷம் இப்பிடித்தான். மாரிக்கு வளந்த வண்டு கழண்ட பட்டைக்குக் கீழை, சருகுக்குள்ளை ஒடுங்கிக் கிடக்கும். வில்லோ துளிர்க்கிற நேரம் வெளியிலை வந்து குருத்தைக் கடிச்சு, இலைக்கு அடியிலை முட்டை இடும். ஒரு கிழமை போலை செல்லப் பொரிக்கும். புழு ரெண்டு மூண்டு கிழமை தின்னும். சின்னனிலை பந்தி, வளர வளரப் பிரிஞ்சு தனித்தனி. பிறகு அந்த இலையிலையே ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகி, சில நாளிலை புது வண்டு. அது திரும்ப முட்டை. எங்கடை பக்கத்திலை ஒரு கோடைக்குள்ளை ரெண்டு மூண்டு தலைமுறை ஓடும். அதாலைதான் இப்ப உங்கடை மரத்திலை முட்டை, புழு, வண்டு எல்லாம் ஒண்டாக் கிடக்கு.

இனி முக்கியமான கேள்வி. மரம் பட்டுப்போகுமோ? உங்கடை மரம் போகாது. நல்லா வேர் ஓடின வில்லோ முழு இலையும் போனாலும் அதே கோடையிலை திரும்பத் துளிர்க்கும். நட்டு ரெண்டு மூண்டு வருஷமான கண்டுதான் கவலை. அல்லது வருஷா வருஷம் மொட்டையடிச்சு, மேலை வறட்சியும் சேந்து மரம் களைச்சுப் போனா, அப்ப பட்டை நோய், தண்டு துளைக்கிற வண்டு எல்லாம் வரும்.

கோவைத் தம்பி சொன்ன வேப்பெண்ணெய் ஆள் உயரக் கண்டுக்குச் சரி, ஒஹாயோவிலை சரி. கனடாவிலை வேப்பெண்ணெயைப் பூச்சி மருந்தாக் கன காலம் பதிவு செய்யாமல் இருந்தவை. கடையிலை "இலை பளபளப்புக்கு" எண்டு எழுதித்தான் வித்தவங்கள். எங்கடை ஆக்களுக்குச் சிரிப்புத்தான் வரும், என்ன செய்யிறது. ஒன்ராறியோவிலை 2009 ஏப்ரலிலை இருந்து வீட்டுத் தோட்டத்துக்கு அடிக்கிற கன மருந்துக்குத் தடை. ஆராவது வந்து வேருக்கு மருந்து ஊத்துறன், ஒரு முறையிலை சரி எண்டு சொன்னா கேற்றுக்கு வெளியிலையே நிப்பாட்டுங்கோ. ஸ்னோ உருகின கையோடை தேனீக்கு முதல் மகரந்தம் குடுக்கிற மரங்களிலை ஒண்டு வில்லோ. வேராலை ஏறின நஞ்சு பூவுக்கும் போகும்.

அடிக்கத்தான் வேணுமெண்டா பூச்சிக்கெண்டு விக்கிற சோப்புக் கரைசல். மேலை பட்டாத்தான் சாகும், அதுவும் குஞ்சுப் புழுவுக்குத்தான். கை எட்டுற கொப்புக்கு மட்டும். ஏணி வேண்டாம் அண்ணை, அம்பது வயசுக்கு மேலை ஏணியாலை விழுந்த ஆக்களை நான் கனக்கக் கண்டிட்டன். சோப்பை விட லேசு, தோட்டப் பைப்பிலை தண்ணியை வேகமா இலைக்கு அடியிலை பீச்சிறது. புழு கீழை விழுந்தா அந்த உயரம் திரும்ப ஏறிறது கஷ்டம்.

மற்றது தண்ணி. இந்த யூன் மழை காணாது. கொப்பு நுனி நிலத்துக்கு இறங்கிற வட்டம் வழிய பைப்பை மெல்லத் திறந்து கிழமைக்கு ஒருக்கா நல்லா ஊற விடுங்கோ. பசளை போடாதைங்கோ. போட்டா திரும்பக் குருத்து, திரும்ப விருந்து. ஒக்டோபரிலை சருகைக் கூட்டி அள்ளுங்கோ. ஆனால் கழண்ட பட்டையை உரிக்கப் போகாதைங்கோ, மரத்துக்குக் காயம்.

வெட்டுறதைப் பற்றி அக்காவுக்குச் சொல்லுங்கோ: ஸ்காபரோ ரொறன்ரோ மாநகரசபைக்குள்ளை. நிலத்திலை இருந்து 1.4 மீற்றர் உயரத்திலை 30 சென்ரிமீற்றர் விட்டம் வந்தாலே அனுமதி இல்லாமல் வெட்டேலாது, சொந்த வளவெண்டாலும். உங்கடை மரம் அதைப் போலை எத்தினை மடங்கு.

---

கோயமுத்தூர்க்காரன், யூன் 20

அக்கா, வேப்பெண்ணெய்க்கு பதிவு இல்லாம இருந்ததுங்கறது எனக்குப் புது சேதி. எங்க பாட்டிக்கு இது தெரிஞ்சா கனடா மேல கேஸ் போட்டுருவாங்க.

வேருக்கு ஊத்துற மருந்தை பக்கத்து வீட்டுக்காரர் எனக்கும் சிபாரிசு பண்ணார். நல்லவேளை வாங்கல.

---

எசெக்ஸ்வாசி (இங்கிலாந்து), யூன் 21

இந்தப் பக்கம் கிரிக்கெட் மட்டைக்கு எண்டே வில்லோ வளக்கிறவை. வரிசையா நட்டு, தண்டிலை வாற முளையை வருஷா வருஷம் கையாலை உரசி விட்டு, பதினைஞ்சு இருபது வருஷத்திலை வெட்டுவினம். முளை வந்தா பலகையிலை கணு விழும், மட்டைக்கு ஆகாது.

இஞ்சை உள்ள நீல வில்லோ வண்டு உங்கடை வண்டின்ரை ஒண்டுவிட்ட சகோதரம். விறகுக்கு எண்டு மூண்டு வருஷத்துக்கு ஒருக்கா அடியோடை வெட்டித் துளிர்க்க விடுற தோட்டங்களிலைதான் அது பெரிய தொல்லை. தங்கச்சி சொன்ன அதே காரணம், ஏக்கர் கணக்கிலை புதுத் துளிர். மாரிக்கு வேலிக் கட்டை வெடிப்பு, பட்டை இடுக்கு எண்டு தோட்டத்துக்கு வெளியிலை போய் ஒளிச்சிருந்து, வசந்தத்திலை ஓர வரிசையிலைதான் முதல் வந்து இறங்கும். ஒரே இனத்தை நடாமல் கலந்து நட்டா பரவுறது குறையும். வில்லோவிலையும் அதுக்கு விருப்பு வெறுப்பு இருக்கு.

ஒற்றை மரம் வைச்சிருக்கிற அண்ணைக்கு இது உதவாது. எழுதோணும் போலை இருந்தது, எழுதிட்டன்.

---

பின்வளவுக்காரன், ஓகஸ்ட் 24

கன பேர் தனிமடலிலை கேட்டவை, என்னாச்செண்டு. அதுதான் எழுதுறன்.

ஏணியை மருமகன் கொண்டு போய்த் தன்ரை வீட்டிலை வைச்சிட்டான். பைப்பிலைதான் அடிச்சன், யூன் முடிய மட்டும் ரெண்டு நாளைக்கு ஒருக்கா, விடிய. முதல் நாள் முழுக்க நனைஞ்சு வந்தன். பிறகு குடையைப் பிடிச்சுக்கொண்டு அடிக்கப் பழகிட்டன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலாலை பாத்துக்கொண்டிருந்தார். மழையில்லாத நாளிலை குடையோடை நிண்டு மரத்துக்குக் குளிப்பாட்டுறான் எண்டு நினைச்சிருப்பார்.

யூலை நடுவிலை திரும்பவும் ஒரு பந்தி வந்தது. முதல் தரம் மாதிரி இல்லை, பாதிதான். அந்த நேரம் ஒரு புதினம் கண்டனான். இலையிலை ஒட்டியிருந்த கூட்டுப்புழு கொஞ்சத்திலை ஊசியாலை குத்தின மாதிரி ஓட்டை. உள்ளை வெறும் கோது. ஒரு இலையைக் கொப்போடை முறிச்சு ஜாம் போத்திலுக்குள்ளை போட்டு, வாயை மெல்லிய துணியாலை கட்டி வைச்சன். அஞ்சாம் நாள் கடுகிலும் சின்னன் சின்னனாய்க் குளவி மாதிரி சாமான் போத்திலுக்குள்ளை ஓடித் திரியுது. பேரப்பிள்ளை எண்ணினவள், பதினொண்டு எண்டாள், பிறகு பதின்மூண்டு எண்டாள். கொண்டு போய் மரத்தடியிலை திறந்து விட்டம். தங்கச்சி, அது எங்கடை பக்கத்து ஆள்தானே?

வெட்டின பக்கம் இப்ப திரும்பத் துளிர்த்திருக்கு. இலை சின்னன், ஆனால் முழுசு. மனுசி டெக்கிலை இருக்கிறா, கோப்பைக்கு ஒரு மூடி வாங்கிட்டா. வெட்டுற கதை இல்லை. அனுமதிக் கதையை நான் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னனான், மறியலுக்குப் போகோணும் எண்டு.

---

கொப்புவெட்டி, ஓகஸ்ட் 24

எங்கடை பக்கத்து ஆள்தான் அண்ணை. இந்த வண்டின்ரை கூட்டுப்புழுவிலை முட்டை வைக்கிற குளவி ஒண்டு இருக்கு, அதாய்த்தான் இருக்கும். நீங்கள் சோப்பு அடிக்காமல் தண்ணியோடை நிண்டதாலை அதுகள் தப்பியிருக்கும்.

மறியல் இல்லை, குற்றப்பணம். அக்காவுக்கு நான் சொல்ல மாட்டன்.

ஷெட் பக்கம் இந்த ஒக்டோபரிலையும் ஆக்களைக் கூப்பிடப் போறீங்களோ?

---

பின்வளவுக்காரன், ஓகஸ்ட் 25

இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஷெட்டைத் தள்ளி வைக்கிறாராம். குடையோடை நிண்ட ஆளோடை வாதாடப் பயமோ தெரியேல்லை.